தெளிந்த சூப்

லா பாஸ் சந்தை, இலோய்லோ
14 ஜனவரி 2019

பாசமுள்ள அடெலா அக்காவுக்கு,

உன் தம்பி ரூஃபினோ. இங்கே நான், நோர்மிதா, கடை, அடுப்பு எல்லோரும் சௌக்கியம். மலைக்குளிரில் நீயும் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். மதருக்கும், மடத்து வாசலைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் லூர்தெஸுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வயிற்றை வெட்டிச் சின்னதாக்கப் போகிறார்கள். பயப்படாதே, வெளிவயிற்றை அல்ல, உள்ளே இருக்கும் இரைப்பையை. முக்கால் பங்கை எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழம் அளவுக்கு விட்டுவைப்பார்களாம். பச்சை வாழையா, பழுத்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். டாக்டர் பலாசியோஸ் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு. இப்படியே போனா அம்பதப் பாக்க மாட்டீங்க" என்றார். நோர்மிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அதற்கப்புறம் வாழைப்பழத்தைப் பற்றிப் பேசவில்லை.

எடை நூற்று ஐம்பத்தெட்டு கிலோ. இத்தனை வருஷமாகச் சந்தையில் பன்றி நிறுக்கும் தராசில்தான் ஏறிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரித் தராசு அதைவிட நாலு கிலோ கூடக் காட்டியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, நோர்மிதாதான் முழங்கையால் இடித்து இடித்து என்னை உயிரோடு வைத்திருக்கிறாள். சர்க்கரையும் இருக்கிறது.

மார்ச் 11 ஆபரேஷன். அதற்கு முன்னால் மூன்று வாரம் வெறும் திரவம்தான், மெல்லுகிற எதுவும் கூடாது. இரைப்பைக்கு மேலே ஈரல் படுத்திருக்கிறதாம். என் ஈரல் கொழுத்துப் போய் வழியை மறிக்கிறது. பட்டினி போட்டால்தான் அது சுருங்கி வழிவிடும். "ஈரல் சுருங்கலேன்னா நான் கைய வைக்க மாட்டேன். தொறந்து பாத்துட்டு மூடிருவேன்" என்று டாக்டரம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

நீ மடத்துக்குப் போய் இருபத்திரண்டு வருஷம். நோன்பிலேயே ஊறினவள். சாப்பிடாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று கொஞ்சம் சொல்லிக்கொடு. உன்னை வந்து பார்த்தும் ஒன்பது வருஷம் ஆகிறது. கடையில் கூட்டம், விட்டுவிட்டு வர முடியவில்லை. உடம்பு இளைத்ததும் முதல் வேலையாக உன்னைப் பார்க்கத்தான் வருவேன். மடத்தின் நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஏறி வருவேன்.

என் முன்னால் கிண்ணம் இருக்கிறது. ஆகவே வழக்கம்போல: வா, சாப்பிடலாம்!

ரூஃபினோ

*

பாகியோ
2 பிப்ரவரி 2019

அன்புத் தம்பி ரூஃபினோவுக்கு,

இறைவனின் அமைதி உன் வீட்டிலும் உன் அடுப்படியிலும் தங்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. மெலிந்துவிட்டேன் என்று சிஸ்டர் லூர்தெஸ் சொல்கிறாள். அவளுக்கு எண்பது வயது, கண் மங்கல். நோர்மிதாவின் முழங்கைக்கு என் நன்றியைச் சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பயந்தேன். இரண்டாவது முறை வாழைப்பழத்துக்குச் சிரித்தேன். மூன்றாவது முறை உனக்காக ஜெபித்தேன்.

நோன்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதில் வீரம் எதுவும் கிடையாது. வெறும் ஏற்பாடுதான். சொல்வதை எழுதி வைத்துக்கொள். எதைக் குடித்தாலும் வெதுவெதுப்பாகக் குடி, குளிர்ந்தது நெஞ்சிலேயே நின்றுவிடும். முதுகை நிமிர்த்தி உட்கார். கிண்ணத்தோடு வாயில் வைக்காதே, சின்னக் கரண்டியால் எடு. முதல் இரண்டு மடக்கு நல்லபடி போகும், அந்தத் தெம்பில் மூன்றாவதை அவசரப்பட்டு விழுங்காதே, ஏமாற்றுவது அதுதான். குடித்து முடித்ததும் எழுந்து நட. தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துப் படு. மற்றவர்கள் சாப்பிடும்போது எழுந்து ஓடாதே. கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார், யாரும் உன் தட்டைப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்றை மறந்துவிடாதே. சாம்பல் புதன் மார்ச் 6. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை. வருகிற கடிதமெல்லாம் மதரின் மேஜை இழுப்பறையில் காத்திருக்கும். உன் ஆபரேஷன் அந்த நாட்களில் வருகிறது. நான் பதில் எழுதாவிட்டாலும் உன்னோடுதான் இருப்பேன்.

ஜெபத்தில் உன்னை மறவாத அக்கா,
சிஸ்டர் பியா (உனக்கு எப்போதும் அடெலா)

*

லா பாஸ்
23 பிப்ரவரி 2019

பாசமுள்ள அக்காவுக்கு,

ஆறாவது நாள். நான் இன்னும் செத்துப்போகவில்லை. நீ நலமா? உன் சின்னக் கரண்டி யோசனை நோர்மிதாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் கரண்டியை வாங்கி வந்திருக்கிறாள், பிடியில் முயல் படம். நூற்று ஐம்பது கிலோ மனுஷன் முயல் கரண்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மீன்காரி லெட்டி தன் கடையை விட்டுவிட்டே வருகிறாள். "என்ன ரூஃபினோ, பல்லு மொளைக்குதா?" என்கிறாள்.

காலையில் மாவுப் பால், மதியம் மாவுப் பால், சாயங்காலமும் அதே பால். வெனிலா என்று டப்பாவில் போட்டிருக்கிறது, சுவர்ச் சுண்ணாம்பு என்று போட்டிருக்கலாம். நடுவில் என்ன குடிக்கலாம் என்று உணவு முறை சொல்லும் பெண், மிஸ் அர்லீன், ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். தண்ணீர், சர்க்கரை இல்லாத தேநீர், தெளிந்த சூப்.

தெளிந்த சூப்! அக்கா, இந்தச் சந்தையில் என் சூப்பைவிடத் தெளிந்தது யாரிடம் இருக்கிறது? கிண்ணத்தின் அடியில் இருக்கும் பூப்போட்ட டிசைன் மேலே இருந்தே தெரியும். அதுதான் என்னைக் காப்பாற்றுகிறது. நூடுல்ஸ் இல்லை, ஈரல் இல்லை, பன்றித்தோல் வறுவல் இல்லை, வெறும் சூப். பாச்சோய் என்று நூடுல்ஸ் சூப் விற்கிற கடையில் சூப்புக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? வாடிக்கைக்காரன் கிண்ணத்தை நீட்டினால் சும்மா ஊற்றுகிறோம். சும்மா கொடுப்பது சாப்பாட்டில் சேருமா? எலும்பை இறக்கும்போது ஒன்று, உப்பு பார்க்கும்போது ஒன்று, கூட்டம் ஓய்ந்ததும் ஒன்று என்று குடித்துக்கொள்கிறேன். நோர்மிதா ஒரு மாதிரி பார்க்கிறாள். தாளைக் காட்டினேன், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேறு ஒரு கஷ்டமும் இல்லை. உன் ஜெபம்தான்.

வா, குடிக்கலாம்!

ரூஃபினோ

*

பாகியோ
4 மார்ச் 2019

அன்புத் தம்பிக்கு,

அமைதி உன்னோடு இருக்கட்டும். நான் நலம். நாளை மறுநாள் சாம்பல் புதன், இது இன்றே போயாக வேண்டும். அதனால் குசலம் விசாரிக்க நேரமில்லை.

உன் சூப்பில் ஒரு கப் எடுத்து ஃப்ரிட்ஜில் வை. காலையில் திறந்து பார். மேலே என்ன படிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மிஸ் அர்லீனிடம் காட்டு. நம் சூப்பைச் சூடாக மட்டும்தான் நாம் பார்த்திருக்கிறோம். எனக்கு இங்கே மடத்தில் அந்த மாதிரிச் சூப்பை ஆறவைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் வந்தது, அதனால் தெரியும்.

இது உனக்கு நேரத்தோடு கிடைக்க வேண்டும்.

அக்கா

*

லா பாஸ்
13 மார்ச் 2019

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றில் சின்னச் சின்னதாக நாலு தையல். டாக்டரம்மா நல்ல மனுஷி. நோர்மிதா கடையைப் பார்த்துக்கொள்கிறாள். களைப்பாக இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ரூஃபினோ

*

லா பாஸ்
24 மார்ச் 2019

அக்கா,

மதர் இழுப்பறையைத் திறக்கும் அன்று உன் கையில் என் கடிதம் இரண்டு இருக்கும். இதை முதலில் படி. பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை, உண்மையும் இல்லை.

திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்தபோது நோர்மிதா பக்கத்தில் நின்றாள். "முடிஞ்சுதா?" என்று கேட்டேன். டாக்டரம்மாதான் வந்து சொன்னார். "ஈரல் அப்படியே இருக்கு, ரூஃபினோ. மூணு வாரமா என்ன சாப்பிட்டீங்க?" ஒன்றுமே சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தேன், மெல்லுகிற மாதிரி ஒரு துணுக்குகூட வாயில் போடவில்லை என்றேன். அவர் என்னை நம்பினாரோ இல்லையோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்டாத வயிற்றில் நாலு தையலோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்த மூன்றாம் நாள்தான் உன் கடிதம் வந்தது. தபால்காரன் நேரத்தைப் பார்.

நீ சொன்னபடி ஒரு கப்பை ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் நானும் நோர்மிதாவும் சேர்ந்து திறந்தோம். அக்கா, கட்டைவிரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு. முயல் கரண்டியை அதில் குத்தினேன், விழாமல் நின்றது. இருபது வருஷமாக அந்தச் சூப்பை விற்கிறேன், ஒரு நாள்கூட அது ஆறி நான் பார்த்ததில்லை. ஆறுவதற்கு யார் விட்டார்கள்?

நாளுக்கு எத்தனை கப் என்று நோர்மிதா கேட்டாள். எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றேன். "பொய் சொல்லத் தெரியாத மனுஷன்னு நெனச்சிருந்தேன். ஒன் ஈரல் ஒன்னக் காட்டிக்குடுத்திருச்சு" என்றாள். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். பாதிதான் தெரியாது. மிஸ் அர்லீனிடம் ஒரு வாய் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை.

டாக்டரம்மா ஜூன் 10 இன்னொரு தேதி கொடுத்திருக்கிறார். இதுதான் கடைசி என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. கத்திக்கு அல்ல. இந்தத் தடவையும் என்னால் முடியாமல் போனால் என்ன செய்வது என்றுதான்.

இந்தக் கடிதத்துக்கு நாலு வாரம் பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால்தான் எழுத முடிகிறது.

ரூஃபினோ

*

பாகியோ
22 ஏப்ரல் 2019, ஈஸ்டர் திங்கள்

அன்புத் தம்பிக்கு,

உயிர்ப்பின் மகிழ்ச்சி உனக்கும் நோர்மிதாவுக்கும் உரியதாகட்டும். நான் நலம்.

நீ சொன்ன வரிசையில்தான் படித்தேன். படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். பாவம் என் தம்பி என்று அழுதேன், கரண்டி நின்றதை நினைத்துச் சிரித்தேன், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. இனி பதின்மூன்றாம் தேதிக் கடிதம் மாதிரி எனக்கு எழுதாதே. நலம் என்று எழுதி ஒரு ஆளையே மறைத்துவிடலாம் போலிருக்கிறது.

இந்த முறை பானைப் பக்கம் போகாதே. உப்பு பார்ப்பது நோர்மிதாவின் வேலை. சூப் வேண்டுமென்றால் முதல் நாளே காய்ச்சி, ஆறவைத்து, படிந்ததை வழித்து எறிந்துவிட்டு, துணியில் வடிகட்டிக் குடி. இரண்டு முறை வடிகட்டு. சின்னத் துணுக்கு இருந்தாலும் வழியில் மாட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்தும். மாவுப் பால் திகட்டினால் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பார், தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். பசி பெரிதாக வரும்போது கிண்ணத்தைப் பார்க்காதே, ஜன்னலைப் பார். கால் மணி நேரத்தில் அதுவே போய்விடும்.

இங்கே தவக்காலம் அமைதியாகக் கழிந்தது. என் நோன்பைப் பற்றி மதர் எல்லோர் முன்னாலும் பாராட்டிப் பேசினார். கூச்சமாக இருந்தது. அதை விடு.

உன்னால் முடியும். பதினொரு கப்பை ஒளிக்காமல் எண்ணிச் சொன்னவனால் முடியும்.

ஜெபத்தோடு,
அக்கா

*

லா பாஸ்
30 ஜூன் 2019

பாசமுள்ள அக்காவுக்கு,

வெட்டிவிட்டார்கள்! ஈரல் ஒதுங்கி வழிவிட்டதாம். "இந்த ஈரலுக்கு ஒரு மாலை போடணும்" என்றார் டாக்டரம்மா. அவர் சிரித்து இப்போதுதான் பார்த்தேன். நீ எப்படி இருக்கிறாய்? மழை தொடங்கிவிட்டதா? குளிரில் பார்த்து இரு.

அந்த மூன்று வாரமும் கடைக்கே போகவில்லை. நோர்மிதா சூப் காய்ச்சினாள், உப்பு பார்த்தாள், வாடிக்கைக்காரர்களின் பேச்சைக் கேட்டாள். "சூப்பு முன்னவிட நல்லாருக்கே, ரூஃபினோ வராமலே இருக்கச் சொல்லு" என்றானாம் கறிக்கடை இசிட்ரோ. நான் வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக் கூரையில் எத்தனை தகடு என்று கேள், சொல்கிறேன்.

நாலாம் நாள் ஒரு தடவை எழுந்து செருப்புகூட மாட்டிவிட்டேன். சந்தை வரைக்கும் போய் வாசனை மட்டும் பிடித்துவிட்டு வரலாம் என்றுதான். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது பதினொன்று என்று நான் சொன்னதும் நோர்மிதாவின் முகம் போன போக்கு நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி கூரையைப் பார்த்தேன்.

இப்போது ஆபரேஷனுக்குப் பிந்தைய திரவம். முன்னது பசி என்றால் இது வேறு விதமான கூத்து. பசியே இல்லை. மருந்து ஊற்றும் குட்டிக் கப்பில் தண்ணீர், அதைக் கால் மணி நேரம் உறிஞ்ச வேண்டும். ஒரு நாளையே அந்தக் கப்பால் அளந்துகொண்டிருக்கிறேன். பசியில்லாத எனக்கு ஏன் அழுகை வருகிறது என்று தெரியவில்லை. ஒரு சாயங்காலம் யாரோ பூண்டு வதக்கிய வாசனைக்கு உட்கார்ந்து அழுதேன். நோர்மிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் சாப்பிடாமல் இருந்தாள். அவளைத் திட்டிச் சாப்பிட வைத்தேன்.

ஒரு ஆச்சரியம் கேள். நீ பிப்ரவரியில் எழுதினாயே, அப்போது அதெல்லாம் எனக்குப் புரியவில்லை. இப்போது ஒவ்வொன்றும் அப்படியே இருக்கிறது. குளிர்ந்தது நெஞ்சில் நிற்கிறது. மூன்றாம் மடக்குதான் ஏமாற்றுகிறது, மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு முஷ்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுந்து நடந்தால்தான் இறங்குகிறது. மிஸ் அர்லீன் சொல்வதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "யாரு சார் சொல்லிக்குடுத்தா? இது பட்டவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். என் அக்கா, மடத்தில் இருக்கிறாள், பெரிய நோன்புக்காரி என்றேன்.

நோன்பில் தொண்டை அடைக்குமா, அக்கா?

வா, ஒரு குட்டிக் கப் குடிக்கலாம்.

ரூஃபினோ

*

பாகியோ
19 ஜூலை 2019

அன்புத் தம்பிக்கு,

அமைதியும் நன்றியும். நல்ல செய்தியை மதரிடம் சொன்னேன், இரவு ஜெபத்தில் எல்லோரும் உனக்காக நன்றி சொன்னார்கள். மழை விடாமல் பெய்கிறது. ஸ்ட்ராபெர்ரிப் பாத்தி அழுகிவிட்டது. சிஸ்டர் லூர்தெஸ் படியில் வழுக்கி, அடி ஒன்றும் படாமல் எழுந்துவிட்டாள். கூரைத் தகடு எத்தனை என்று எழுது. நோர்மிதாவை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

நான் நலம்.

ஜெபத்தில்,
அக்கா

*

லா பாஸ்
4 ஆகஸ்ட் 2019

அக்கா,

தகடு முப்பத்தாறு. நான் கேட்ட ஒரே ஒரு கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். 'நான் நலம்' என்று தனி வரியில் போட்டிருக்கிறாய். நலம் என்று எழுதி ஒரு ஆளையே மறைத்துவிடலாம் என்று எனக்குச் சொன்னவளும் நீதான்.

மடத்துக்கு போன் போட்டேன். சிஸ்டர் லூர்தெஸ் எடுத்தார். "பியாவா? அவ புனிதைப்பா! ஈஸ்டர் முடிஞ்சும் நோன்ப விடல. சோத்தத் தொடுறதே இல்ல, கஞ்சித்தண்ணிதான். சாப்பிட்டதும் தோட்டத்துல தனியா நடந்துக்கிட்டே ஜெபிக்கிறா. பாக்கவே எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா?" என்றார்.

சாப்பிட்டதும் ஏன் நடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நடக்கிறேன். தலைமாட்டில் ஏன் இரண்டு தலையணை என்றும் தெரியும். எனக்கு ஆஸ்பத்திரி செய்ததை உனக்கு எது செய்தது, அக்கா? எவ்வளவு நாளாக?

இந்த உறைக்குள் மதருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீயே படித்துவிட்டு நீயே கொண்டுபோய்க் கொடு. மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் நான் நேரே மதருக்கு எழுதுவேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

உன்னை மட்டும் வாயைத் திறக்கச் சொல்வது நியாயமில்லை. நானும் ஒன்று சொல்கிறேன். கடையில் கூட்டம் என்று ஒன்பது வருஷமாக எழுதினேனே, அது பொய். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தேன். உனக்காக ஒரு டப்பா பிஸ்கோச்சோ பிஸ்கட் வாங்கிக்கொண்டு, கப்பலிலும் பஸ்ஸிலும் வந்து, உங்கள் படியில் ஏறினேன். மாதா சிலை இருக்கும் திருப்பம் வரைதான் முடிந்தது. அறுபத்து நாலு படி. அதற்கு மேல் மூச்சு வரவில்லை. சிலைக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். உன் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக அவ்வளவையும் தின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டேன். நோர்மிதாவிடம் உன்னைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

அந்த மிச்சப் படிகளுக்காகத்தான் இந்த ஆபரேஷனே. சர்க்கரை, மூச்சு எல்லாம் அப்புறம். நான் ஏறி வரும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

ரூஃபினோ

*

பாகியோ
15 செப்டம்பர் 2019

என் அன்புத் தம்பி,

இந்த முறை நலம் என்று தொடங்கவில்லை.

உன் கடிதம் வந்து பதினோரு நாள் என் ஜெபப் புத்தகத்துக்குள் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் மதரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எவ்வளவு நாளா?" என்று, நீ கேட்டதையேதான் கேட்டார்.

இரண்டரை வருஷம். முதலில் சோறு மாட்டியது. தண்ணீர் குடித்துத் தள்ளினேன். பிறகு ரொட்டி. பிறகு தள்ளிய தண்ணீரே திரும்பி வந்தது. சாப்பாட்டைப் பற்றி முறையிடுவது துறவிக்கு அழகில்லை என்று முதலில் வாயை மூடிக்கொண்டேன். பிறகு மூடியதற்குக் காரணம் வேறு. சகோதரிகள் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்கத் தொடங்கினார்கள். மதர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கூச்சமாக இருந்தது என்று உனக்கு எழுதினேன். பிடித்திருந்தது, ரூஃபினோ. வயிற்றுக்குப் போகாத சோறெல்லாம் தலைக்கு ஏறிவிட்டது.

நீ சூப்பை நோன்பு என்றாய், நான் நோயை நோன்பு என்றேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் நாம்.

இங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஜீப்பில் ஏறினேன். நான் பயந்த மாதிரி புற்றுநோய் இல்லையாம். உணவுக்குழாய் முடிகிற இடத்துத் தசை இறுகிப்போய்த் திறக்க மறுக்கிறதாம். சின்னத் துளை போட்டு உள்ளே போய் அதைக் கீறிவிடுவார்கள். முப்பத்தேழு கிலோ இருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் பேசாமல் இருந்திருந்தால் கீறுவதற்கு ஆள் இருந்திருக்காது என்றார் டாக்டர்.

அக்டோபர் 14. முன்னால் ஒரு வாரம், பின்னால் இரண்டு வாரம் வெறும் திரவம். ஆறவைத்து வழித்த சூப்பை இந்த முறை நீ எனக்குச் சொல்லிக்கொடு. எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் உன் ஒருவனிடம்தான் சொல்கிறேன்.

படி விஷயம் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே தெரியும். பெரிய உடம்புக்காரன் ஒருவன் மாதாவுக்கு எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டே பிஸ்கட் தின்றான், கிட்டே போய் விசாரிக்கலாம் என்று இறங்குவதற்குள் போய்விட்டான் என்று சிஸ்டர் லூர்தெஸ் வந்து சொன்னாள். காலி டப்பாவை எடுத்து வந்திருந்தாள். மூடியில் நம் ஊர் பேக்கரியின் பெயர் இருந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறு வருஷமாக என் ஊசியும் நூலும் அதில்தான் இருக்கின்றன. கடையில் கூட்டம் என்று நீ எழுதும்போதெல்லாம் அந்த மூடியைத் திறந்து மூடுவேன்.

தெரியும் என்று எழுதினால் நீ கூசிப்போய் எழுதுவதையே நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன். அதனால் சொல்லவில்லை.

உன் அக்கா,
அடெலா

*

மாதா சிலைத் திருப்பம், அறுபத்து நாலாம் படி
27 நவம்பர் 2019, காலை

அக்கா,

இறங்கி வந்த சிஸ்டர் லூர்தெஸிடம் இந்தத் துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு எண்பது வயது, என்னைவிட வேகமாக ஏறுகிறார். என்னைப் பார்த்ததும், "நீதானே அந்த பிஸ்கட்டு?" என்று கேட்டார்.

நோர்மிதாவும் பக்கத்தில் இருக்கிறாள். நூற்றுப் பதினாறு கிலோ. மூச்சு வாங்குகிறது, ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறேன். இறங்கிப் போய்விட்டேன் என்று நினைத்துவிடாதே. டப்பா மடியில் இருக்கிறது. இந்தத் தடவை திறக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டதே, மூன்றாம் மடக்கு இறங்குகிறதா?

ரூஃபினோ

*

(அதே சீட்டின் பின்புறம்)

தம்பி,

இறங்குகிறது. நாலாவதும் இறங்குகிறது.

மதர் அனுமதி கொடுத்துவிட்டார். பார்க்க வருகிறவர்களுக்கான அறையில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு கிண்ணம், அந்தப் பக்கம் உனக்கு ஒன்று, நோர்மிதாவுக்கு ஒன்று. குழைந்த சோறுதான். உன்னுடையதில் நாலு கரண்டிக்கு மேல் போட வேண்டாம் என்று நானே நின்று பார்த்துக்கொண்டேன்.

இன்னும் நாற்பத்தெட்டுப் படிதான். மெதுவாக ஏறு, சோறு ஆறினாலும் பரவாயில்லை.

இத்தனை வருஷமும் இதை நீதான் எனக்கு எழுதினாய். இன்று என் முன்னால் கிண்ணம் இருக்கிறது.

வா, சாப்பிடலாம்.